முங்க விட்டாங்க

2024 மார்ச் 5, செவ்வாய்

பஸ்ஸில் இன்று உட்கார இடம் கிடைத்தது. பதுளையிலிருந்து லுணுகலை வந்து சேர்வதற்குள் தரம் பத்தின் கட்டுரைகளில் பாதியைத் திருத்திவிட்டேன். வீட்டுக்கு வந்தால் கடிதம் காத்திருந்தது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் பதவிக்கான நேர்முகம், மே 16. மூன்று வருடமாக எதிர்பார்த்தது. சந்தோசத்தில் பருப்பை அடிப்பிடிக்க விட்டேன்.

மார்ச் 9, சனி

நேற்று சிவராத்திரி விடுமுறை. இன்று தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் வழக்கமான சனிக்கிழமை வகுப்பு. பிள்ளைகள் போன பிறகு வாசலில் ஒரு பெண் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் நீளமான கடித உறை.

"நீங்கதானே இங்கிலீஸ் டீச்சர்? இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க."

பெயர் ரெங்கம்மா. அவருடைய கணவர் வீரய்யா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஜனவரியில், தொழிற்சாலைக்குத் தண்ணீர் போகும் பெரிய தொட்டிக்குள் மூழ்கி, நான்கைந்து நிமிடம் கழித்து வெளியே இழுக்கப்பட்டவர். உயிர் தப்பியது. ஆனால் நினைவு சரியாக இல்லை, ஒரு காது கேட்பதில்லை.

கடிதம் கொழும்பிலிருந்து, கம்பெனித் தலைமை அலுவலகம் அனுப்பியது. வீரய்யா தன் விருப்பப்படி தொட்டிக்குள் 'டைவ்' பண்ணினார், ஆகவே இது வேலையில் நடந்த விபத்து அல்ல, நட்டஈடு கிடையாது. மறுப்பு இருந்தால் ஏப்ரல் 4 விசாரணையில் சொல்லலாம். ஆதாரமாகச் சாட்சியின் வாக்குமூலத்திலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டிருந்தார்கள். 'ஹி வாஸ் அலவ்ட் டு டைவ்.' அவர் டைவ் பண்ண அனுமதிக்கப்பட்டார்.

வாசித்துக்கொண்டே வந்தவள் அந்த இடத்தில் நிறுத்தினேன். அந்த வரி என்னுடையது. ஜனவரியில் தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் மூன்று வாக்குமூலங்களைக் கொடுத்து, இங்கிலீஸில் வேண்டும், இன்றே வேண்டும் என்றார். ஒரு மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தேன். யாருடைய பெயரும் மனதில் நிற்கவில்லை.

"அப்ப அவராத்தான் குதிச்சாரா?" என்று கேட்டார் ரெங்கம்மா.

"அப்படித்தான் எழுதியிருக்கு."

கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். "கங்காணியும் அதத்தான் சொன்னாரு. 'நான் வேணாம்னேன், வீராப்பா எறங்கிட்டான்'னாரு. நான் நம்பல டீச்சர். இப்ப இங்கிலீஸ்லயே வந்திருச்சு."

மார்ச் 10, ஞாயிறு

எழுதியது நான்தான் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சாட்சி சொன்னதைத்தானே மாற்றி எழுதினேன்?

மார்ச் 13, புதன்

தரம் பத்துப் பாடத்தில் ஒரு மீனவனைப் பற்றிய பத்தி. அதில் இதே வினைச்சொல். இறந்தகாலத்துக்கு இரண்டு வடிவம் உண்டு, 'டைவ்ட்' என்றும் எழுதலாம், அமெரிக்கர்கள் 'டோவ்' என்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் இருக்கும் நிரஞ்சலா கை தூக்கினாள்.

"டீச்சர், கால் வழுக்கித் தண்ணிக்குள்ள விழுந்தா அது டைவா?"

"இல்ல. அது விழுறது."

"யாராவது தள்ளி விட்டா?"

"அதுவும் இல்ல."

"அப்ப நாமளாப் போனாத்தான் டைவ்?"

"ஆமா. நாமளாப் போனாத்தான்."

சொன்ன பிறகு கரும்பலகையில் அடுத்து என்ன எழுத வந்தேன் என்பது மறந்துவிட்டது.

இடைவேளையில் அகராதியை எடுத்தேன். தலைகீழாகத் தண்ணீரில் பாய்வது. நீருக்கடியில் நீந்திப் போவது. விமானம் சரேலென்று கீழே இறங்குவது. பைக்குள் கையை விட்டுத் துழாவுவது. ஒரு காரியத்தில் ஆசையோடு இறங்குவது. எல்லாவற்றிலும் ஒரு துள்ளல் இருக்கிறது. ஓட்டை விழுந்த கப்பல் டைவ் பண்ணாது, 'சிங்க்' ஆகும். 'சப்மர்ஜ்' என்றால் தானாக மூழ்குவதும் ஆகும், இன்னொன்றை மூழ்கடிப்பதும் ஆகும். அமிழ்ந்தான், அமிழ்த்தினான் என்று நம்மிடம் இரண்டு சொல் இருக்கிற இடத்தில் அவர்களுக்கு அந்த ஒன்றே போதும். ஆனால் இந்த 'டைவ்' மட்டும் எப்போதும் போகிறவனின் கணக்கில்தான்.

என்னோடு தமிழ் படிப்பிக்கும் நஸ்லியா டீச்சர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தமிழ்ல மட்டும் லேசா? ஒருத்தர தலைமுழுகினா உறவு முடிஞ்சுது. முழுகாம இருந்தா வயித்துல பிள்ள."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

வீரய்யாவைப் பார்க்கப் போனேன். மூன்றாம் லயத்தில், அந்த வீட்டு வரிசையில் கடைசி வீடு. கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்புக்காரர், இப்போது சட்டை தொளதொளவென்று கிடக்கிறது. கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார். ஒவ்வொரு சொல்லையும் தேடித்தான் எடுக்கிறார்.

"நான் குதிச்சேன்னு பேப்பர்ல போட்டிருக்காமே டீச்சர்."

நான் கட்டிலுக்குக் கிட்டே நகர்ந்தேன்.

"எனக்குப் பொங்கல் வரைக்கும் ஞாபகம் இருக்கு. பெறகு ஆஸ்பத்திரிதான் ஞாபகம். நடுவுல ஒண்ணும் இல்ல. நான் ஏன் குதிக்கப் போறேன்? ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு." கேட்காத காதைத் தடவிக்கொண்டார். "குதிச்சிருப்பேன் போல. இங்கிலீஸ்ல சும்மாவா போடுவாங்க?"

ரெங்கம்மா தேத்தண்ணி கொண்டு வந்தார். என் கோப்பையைக் கையில் கொடுத்தார். வீரய்யாவுடையதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார். அவர் குனிந்து எடுக்கச் சிரமப்பட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

வெளியே வந்தபோது ரெங்கம்மா தண்ணீர்க் குழாய் வரைக்கும் கூட வந்தார். கோபம் இன்னும் ஆறவில்லை.

"பொண்டாட்டி புள்ளைய நெனச்சாரா டீச்சர் அந்த மனுசன்? நான் பக்கத்துல இருந்திருந்தா எறங்க விட்டிருப்பேனா? அன்னைக்குன்னு பாத்து என்னைய ஏழாம் நம்பர் மலைக்குக் கொழுந்து எடுக்க விட்டுட்டாங்க."

நின்றுவிட்டேன்.

"விட்டாங்கன்னா? நீங்க போகணும்னு கேட்டீங்களா?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நல்லாக் கேட்டீங்க. காலையில பெரட்டுல வரிசையா நிக்க வச்சுப் பேர் சொல்லி மலைக்கு விட்டா, போக வேண்டியதுதானே? நம்மளக் கேட்டா விடுவாங்க?"

மார்ச் 18, திங்கள்

வாக்குமூலத்தை அன்று போனில் படம் எடுத்து வைத்துத்தான் வேலை செய்தேன். இன்னும் இருக்கிறது. செல்லமுத்து என்ற தொழிலாளியின் கையெழுத்து. 'பைப்பு அடச்சி இருந்திச்சி. கங்காணியும் ஆபீசரும் நின்டாங்க. வீரய்யாவ முங்க விட்டாங்க.'

முங்க விட்டாங்க. முங்கச் சொல்லி இறக்கினார்கள்.

நான் என்ன எழுதினேன்? அவர் ஆசைப்பட்டார், இவர்கள் சரி என்றார்கள் என்று எழுதியிருக்கிறேன். இரண்டே சொல். இரண்டும் பிழை.

லயத்துல பொறந்தவதானே நான். பத்து வயசுல பண்டாரவளை ஹொஸ்டலுக்குப் போனேன், அதோட எல்லாம் போச்சா? அப்பாவ எத்தன மலைக்கு விட்டிருப்பாங்க. ஒவ்வொரு நாளும் வந்து சொல்லுவாரே, இன்னைக்கு கவ்வாத்துக்கு விட்டாங்க, இன்னைக்கு கானு வெட்ட விட்டாங்கன்னு. அவரு ஆசப்பட்டாப் போனாரு?

மார்ச் 23, சனி

வகுப்பை நிறுத்திவிட்டு வெலிமடைக்குப் போனேன். விபத்து நடந்த வாரமே செல்லமுத்து வேலையை விட்டுவிட்டு அங்கே மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். லீக்ஸ் பாத்திக்கு நடுவில் முழங்கால் சேற்றோடு எழுந்து நின்றார். அறுபது வயதிருக்கும்.

யார் என்று சொன்னதும் முதலில் கேட்டது, "வீரய்யா பேசுறானா?"

அன்று நடந்ததைச் சொன்னார். மழையில் இலையும் சருகும் வந்து பைப்பை அடைத்துவிட்டது. தொழிற்சாலை நின்றுவிடும் என்று அவசரம். வீரய்யாவுக்கு நீச்சல் தெரியும் என்று கங்காணிக்குத் தெரியும்.

"அவன் ஏலாதுன்னான். தண்ணி கலங்கிக் கெடக்கு, கயிறாச்சும் குடுங்கன்னான். கயிறு எடுத்துட்டு வர நேரமில்ல, எறங்குன்னாங்க. மொதத் தரம் முங்கிக் கொஞ்சம் சருக அள்ளிட்டு வந்தான். ரெண்டாந் தரம் முங்குனவன் வரல. கைய பைப்பு இழுத்திருச்சு. நான்தான் உள்ளுக்குப் போய் எடுத்தேன்."

"இத ஏன் ரெங்கம்மாகிட்டச் சொல்லல?"

அவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. "அதான் எழுதிக் குடுத்தேனே டீச்சர். ஆபீஸ்ல குடுத்தேன். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு..." என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "அந்தத் தொட்டியக் கண்ணால பாக்க முடியலங்க. அதான் இங்க வந்துட்டேன். தெரியாதா அவங்களுக்கு?"

விசாரணைக்கு வருவீர்களா என்று கேட்டேன். கைச் சேற்றைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"வாறேன்."

மார்ச் 26, செவ்வாய்

நஸ்லியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோன்புக் களைப்போடு இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மே மாசம் நேர்முகம். நான் பிழையா மொழிபெயர்த்தேன்னு இப்ப நீங்களே போய்ச் சொல்லப் போறீங்களா? சாட்சிதான் வாறாரே. அவர் வாயால சொல்லட்டும்."

"அவர் முன்னுக்கு ஒண்ணு எழுதிக் குடுத்தார், இப்ப வேற சொல்றார்னு சொல்லுவாங்க. பேப்பர்ல இருக்கிறது என் இங்கிலீஸ்."

மேசையிலிருந்த கொப்பிகளை அடுக்கினார். பிறகு, "போகத்தான் வேணும். வேற என்ன செய்ற?" என்றார்.

மார்ச் 30, சனி

ரெங்கம்மாவிடம் சொன்னேன். குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். கெஞ்சுவது மாதிரி இருக்கக் கூடாது என்று நினைத்து, நேராகச் சொன்னேன். வீரய்யா இறங்க மாட்டேன் என்றார், இறக்கினார்கள், சாட்சி அதைத்தான் எழுதினார், இங்கிலீஸில் மாற்றி எழுதியது நான்.

அலசுவதை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கு வாசிச்சுச் சொன்னீங்களே. அப்பவே தெரியுமா, நீங்க எழுதினதுன்னு?"

"தெரியும். ஆனா பிழைன்னு தெரியாது."

"ரெண்டு மாசமா அந்த மனுசன்கூட நான் ஒரு வார்த்த சரியாப் பேசல டீச்சர். மூஞ்சியப் பாத்து ஒரு வாய் சோறு போடல. அவரும் ஒண்ணும் கேக்கல. தப்பு தன்மேலன்னே நெனச்சுக்கிட்டாரு."

பிழிந்த துணியை வாளியில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். வாளி குழாயடியிலேயே இருந்தது. கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

விசாரணை பதுளையில், தொழில் அலுவலகத்தில். செல்லமுத்து காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார், வெள்ளைச் சட்டை போட்டு. ரெங்கம்மா தனியாக வந்திருந்தார். என்னோடு பேசவில்லை.

பெரிய கிளாக்கர் என்னைக் கண்டதும், "டீச்சருக்கு இங்க என்ன வேல?" என்றார்.

"நான் எழுதினதுல பிழை இருக்கு. திருத்த வந்தேன்."

"எழுதி முடிச்சு அனுப்பினதுக்குப் பெறகு என்ன திருத்தம்?"

விசாரணை அதிகாரி சிங்களப் பெண்மணி. எங்களுக்குள் இங்கிலீஸில்தான் பேச்சு. 'டைவ்' என்பதற்கும் நீங்கள் இப்போது சொல்வதற்கும் என்ன அவ்வளவு வித்தியாசம், இரண்டிலும் ஆள் தண்ணீருக்குள் போகிறார்தானே என்று கேட்டார். எள்ளல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

டைவ் என்றால் போகிற ஆளின் விருப்பம் அந்தச் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது என்றேன். சாட்சி எழுதிய 'முங்கு' தண்ணீருக்குள் போவதை மட்டும்தான் சொல்கிறது, யார் விருப்பம் என்று சொல்வதில்லை. அதை 'விட்டாங்க' என்ற சொல் சொல்கிறது. தோட்டத்தில் அதற்கு அனுப்பினார்கள், இறக்கினார்கள் என்று அர்த்தம். அனுமதித்தார்கள் என்று நான் எழுதியது பிழை. 'ஹி வாஸ் சென்ட் அண்டர்' என்று எழுதியிருக்க வேண்டும்.

"இது உங்களுடைய பிழை என்று பதிவு செய்யட்டுமா?"

"செய்யுங்க."

அவர் எழுதி நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

பிறகு செல்லமுத்துவைக் கூப்பிட்டார்கள். கயிறு கேட்டதைச் சொல்லும்போது அவர் அழுதார். கங்காணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு கேட்டது உண்மையா என்று அதிகாரி மூன்று தரம் கேட்ட பிறகு, "கேட்டான்" என்றார். அவ்வளவு மெல்ல. அவருக்கும் மேலே இருந்து யாரோ அவசரப்படுத்தியிருப்பார்கள். அன்று தொட்டியடியில் கூட நின்ற ஆபீசர் இன்று வரவே இல்லை.

ஏப்ரல் 13, சனி

சித்திரைப் புத்தாண்டு. இனிமேல் சனிக்கிழமை வகுப்புக்குத் தோட்டத்து மண்டபம் கிடைக்காது என்று பெரிய கிளாக்கர் ஆள் அனுப்பியிருந்தார்.

மே 16, வியாழன்

நேர்முகம். செய்த பிழை ஏதாவது உண்டா என்று கேட்டார்கள், எல்லாரிடமும் கேட்பார்களாம். சொன்னேன். ஒருவர் எழுதிக்கொண்டார். அறிவிப்போம் என்றார்கள். எப்படி எடுத்துக்கொண்டார்களோ, தெரியவில்லை.

ஜூன் 8, சனி

நேர்முக முடிவு இன்னும் வரவில்லை. வகுப்பு இப்போது கோயில் மண்டபத்தில். இன்று பதினேழு பேர்.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது, பதுளை போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் வீரய்யாவும் ரெங்கம்மாவும். காது டாக்டரிடம் போகிறார்களாம். வேலையில் நடந்த விபத்துத்தான் என்று போன வாரம் தீர்ப்பு வந்ததை ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். அதைப் பற்றி அவர்கள் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

"என்ன கெழம இன்னைக்கு?" என்று கேட்டார் வீரய்யா.

"சனி" என்றார் ரெங்கம்மா, தோடம்பழத்தை உரித்துக்கொண்டே.

பஸ் இரண்டு வளைவு தாண்டியது.

"என்ன கெழம?"

"சனிங்க. காது டாக்டர்கிட்டப் போறோம்."

மூன்றாவது தரமும் கேட்டார். ரெங்கம்மா அவருடைய கேட்கிற காதுப் பக்கம் குனிந்து, "சனிக்கெழம. பதுளைக்குப் போய்ச் சேருறதுக்குள்ள ஞாயிறாக்காம விட மாட்டீங்க போல" என்றார். அவர் சிரித்தார். ரெங்கம்மாவும் சிரித்தார். ஒரு சுளையை எடுத்து, விதையை நீக்கி, அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. மீதிப் பாதிப் பழத்தை இருக்கைக்கு மேலால் நீட்டினார்.

"சாப்பிடுங்க டீச்சர். பஸ் ஆட்டத்துல உங்களுக்கு முகமே வெளிறிப்போய்க் கெடக்கு."

வாங்கிக்கொண்டேன். கொஞ்சம் புளிப்பு. முழுவதையும் சாப்பிட்டேன்.