தேதியில்லாத பக்கம்

அணுபுரம்
3.6.2024

மதிப்பிற்குரிய காசிநாதன் சார் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகன் சரவணகுமார் என் மகள் சிநேகாவைக் கட்டி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் கல்யாணத்துக்கும் வரவில்லை, பிறகும் பேசவில்லை. அதைக் கேட்க இந்தக் கடிதம் இல்லை.

அடுத்த வருடம் எனக்கு ரிட்டயர்மெண்ட். முட்டுக்காட்டில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு பிளாக் எழுத ஆசை. போஸ்ட், பேஜ், ஃபாலோயர் என்று என்னென்னவோ கேட்கிறது, ஒன்றும் புரியவில்லை. நீங்கள் பல வருடமாகச் செங்கல்பட்டு மழையளவை பிளாக்கில் எழுதுகிறீர்கள். கொஞ்சம் விளக்கினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தாவீது

செங்கல்பட்டு
10.6.2024, திங்கட்கிழமை

திரு. தாவீது அவர்களுக்கு,

தங்கள் கடிதம் 7.6.2024 அன்று கிடைத்தது. 'இரண்டு வருடத்துக்கு மேல்' என்பது தளர்வான கணக்கு. திருமணம் நடந்தது 24.1.2022. இனி, கேட்டவற்றுக்கு வருகிறேன்.

வலைப்பூ என்பது முழுத் தளம். அதில் அவ்வப்போது எழுதிச் சேர்ப்பது பதிவு. போஸ்ட் என்பது அதுதான். 'நேற்று ஒரு பிளாக் எழுதினேன்' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். அவர்கள் எழுதியது பதிவு.

எழுதிவிட்டு வெளியிடாமல் வைத்திருப்பது வரைவு. குறிச்சொல் என்பது ஒரே பொருள் குறித்த பதிவுகளைச் சேர்த்துக் காட்டும் பெயர். என்னிடம் 'மழை', 'ஏரி' என இரண்டே உள்ளன. பின்தொடர்பவர் என்றால் சீடர் என்று எண்ண வேண்டாம். புதிய பதிவு வந்தால் அவருக்குத் தகவல் போகும், அவ்வளவே. எனக்கு இருப்பவர்களில் பெரும்பாலோர் எங்கள் ஊர் உறவினர்கள். படித்தவர் கீழே எழுதுவது மறுமொழி. அதை அனுமதிப்பதும் மறைப்பதும் தங்கள் உரிமை.

பலரும் குழம்புவது பதிவுக்கும் பக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டில். பதிவுக்குத் தேதி உண்டு. புதியது மேலே நிற்கும். பக்கம், அதாவது பேஜ், தேதியின்றி ஓரமாக நிற்கும். அதை எப்போது மாற்றினாலும் எவருக்கும் தகவல் போகாது. மாதிரிக்கு என் தளத்தில் 'என்னைப் பற்றி' என்ற பக்கத்தைப் பார்க்கவும்.

இங்ஙனம்,
மு. காசிநாதன்

அணுபுரம்
17.6.2024

காசிநாதன் சார் அவர்களுக்கு,

விளக்கம் தெளிவாக இருந்தது. நன்றி. நீங்கள் சொன்ன பக்கத்தைச் சனிக்கிழமை திறந்து பார்த்தோம். மாப்பிள்ளையும் சிறுசேரியிலிருந்து வந்திருந்தார். 'குடும்பம்: மனைவி பெயர் வேண்டா, மகள் பெயர் விஜயகுமாரி' என்று இருந்தது.

"முன்ன எம் பேரும் இருந்துச்சு மாமா" என்றார் மாப்பிள்ளை. பிறகு சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

என் மனைவி சாராள் உங்கள் கடிதத்தை மறுபடி வாங்கிப் படித்தாள். "தேதி இல்லாத எடமா பாத்து, பெத்த புள்ள பேரை எடுத்துகீறாரு அந்த மனுஷன்" என்றாள்.

சார், அந்தப் பெயரை ஓசையில்லாமல் திருப்பிச் சேர்க்கவும் உங்களால் முடியும். அப்படிச் சேர்க்க வேண்டாம். எடுத்தது யாருக்கும் தெரியாமல் நடந்தது, சேர்ப்பது தெரிந்து நடக்கட்டும். பதிவாகப் போடுங்கள். உங்கள் ஊர்க்காரர்கள் படிக்கட்டும். முடியாது என்றால் பக்கம் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். என் மகளை ஒளித்துவைத்து ஏற்றுக்கொள்ளும் ஒரு வீடு அவளுக்கு வேண்டாம்.

தாவீது

செங்கல்பட்டு
1.7.2024, திங்கட்கிழமை

அன்புடையீர்,

தங்கள் துணைவியார் கூறியது சரி. பெயரை நான் நீக்கியது 25.1.2022 அன்று. தளத்தில் அத்தேதி எங்கும் தெரியாதாகையால் இங்கே எழுதித் தருகிறேன்.

28.6.2024, வெள்ளிக்கிழமை, 'ஒரு திருத்தம்' என்ற தலைப்பில் பதிவு வெளியிட்டேன். அதன் வாசகம்:

'என் மகன் சரவணகுமாருக்கும், அணுபுரம் திரு. தாவீது, திருமதி சாராள் ஆகியோரின் மகள் சிநேகாவுக்கும் 24.1.2022 அன்று திருமணம் நடந்தது. இச்செய்தி இங்கே தாமதமாக வெளியாகிறது. தாமதம் என்னுடையது.'

இதற்கெனக் 'குடும்பம்' என்றொரு குறிச்சொல் உண்டாக்கியுள்ளேன்.

பின்தொடர்பவர்களில் சிலர் அன்று மாலையே விலகிவிட்டனர். மழையளவு அறிய அவர்கள் வேறு வழி தேடிக்கொள்ளட்டும். முதல் மறுமொழி என் தம்பி பாலசுப்ரமணியனுடையது. "இதெல்லாம் ஊருக்குச் சொல்லணுமாண்ணா? நான் தல நிமுந்து நடக்க வேணாமா?" என்று எழுதியிருந்தான். அதை நான் மறைக்கவில்லை. "நடக்கலாம், தடையில்லை" என்று கீழே பதில் எழுதினேன். அதன் பிறகு சரவணகுமாரின் மறுமொழி வந்தது. 'அப்பா' என்ற ஒரு சொல் மட்டும். அதற்குப் பதில் எழுத எனக்குச் சிறிது நேரம் பிடித்தது.

வரும் 7.7.2024 ஞாயிற்றுக்கிழமை நானும் வேண்டாவும் அணுபுரம் வருகிறோம். காலையில் தங்களுக்கு ஆராதனை இருக்கும். ஆகவே மாலை நான்கு மணிக்கு வருவோம். மருமகளிடம் தெரிவிக்கவும்.

தங்கள் முதல் பதிவையும் படித்தேன். மடவை மீன் படம் நன்று. 'போன சனிக்கிழமை பிடித்தது' என்று எழுதியுள்ளீர்கள். எந்தச் சனிக்கிழமை? பேரப்பிள்ளைகள் படிக்கும்போது அவர்களுக்கு எப்படித் தெரியும்? திருத்திவிடவும்.

தங்கள் சம்பந்தி,
மு. காசிநாதன்