சாயங்காலத்தை எப்படி வரைவது

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, நான், உன் தங்கை மூவரும் சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது தன் அபிப்பிராயத்தைச் சொல்கிறது, இறங்கும்போது வாயை மூடிக்கொள்கிறது. நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, வேலையிடத்தில் யாரோடும் முகம் கோணாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதை ஆரம்பிக்கிறேன். போனில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் அப்பா பக்கத்திலிருந்து இன்னொன்று சொல்வார், அதற்குள் உன்னை ஆபீஸில் யாராவது கூப்பிடுவார்கள். இது அப்படி அரையும் குறையுமாகச் சொல்கிற விஷயம் இல்லை.

போன வாரம் நீ கேட்டாய், சின்னவளுக்கு என் மேல என்ன கோபம், ஏன் போனே எடுக்க மாட்டேங்கிறா என்று. கடைசி வருஷம், வேலை அதிகம் என்று நான் மழுப்பிவிட்டேன். கோபம் எதுவும் இல்லையப்பா. உன்னிடம் பேச அவளுக்குக் கூச்சம், அவ்வளவுதான். அவள் கிராஃபிக் டிசைன் படிக்கப் போகிறேன் என்றபோது, விசிட்டிங் கார்டு அடிக்கிறதுக்கு ஒரு படிப்பா என்று அப்பா கேட்டார். நீ அங்கிருந்தபடியே அவரோடு மல்லுக்கு நின்று அவளைச் சேர்த்துவிட்டாய். உனக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறேன் என்று உன்னிடம் அவள் சொன்ன வார்த்தை அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. இடையில் நடந்த ஒன்றை அண்ணனிடம் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டிருந்தாள், நானும் வாயைத் திறக்கவில்லை. இப்போது எல்லாம் ஒரு வழியாக நல்லபடி முடிந்துவிட்டது, அவளே சொல்லும்மா என்று அனுமதியும் கொடுத்துவிட்டாள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அவர்கள் கல்லூரியில் கடைசி வருஷம் ஆளுக்கொரு தலைப்பு எடுத்து ஆராய்ச்சி மாதிரி செய்ய வேண்டும். வெறுமனே அழகாக ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் போதாது, எதற்காக, யாருக்காக, அவர்களிடம் கேட்டாயா, கொடுத்துப் பார்த்தாயா என்று துளைத்து எடுப்பார்கள். சின்னவள் தலைப்பு கிடைக்காமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு நாள் என் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு வந்தவள், கவுன்டருக்குப் பின்னால் என் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். மருந்து வாங்கிக்கொண்டு போன ஒருவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, இதுல காலைல போடுறது எது என்று கேட்டார், சொன்னேன், மறுபடியும் வாசல் வரை போய் மறுபடியும் வந்தார். கவரில் நான் கொட்டை எழுத்தில் எழுதித்தான் இருந்தேன், படிக்கத் தெரியாதவருக்குக் கொட்டை எழுத்து என்ன, குட்டி எழுத்து என்ன. அன்றைக்கே சின்னவள் தலைப்பைப் பிடித்துவிட்டாள். படிக்கத் தெரியாதவர்களுக்கு மருந்து வேளையைப் படத்தால் சொல்வது. அவளுடைய மேடமும் சரி என்றுவிட்டார்.

படங்களும் அழகாகத்தான் வந்தன. காலைக்கு ஒரு கோட்டுக்கு மேல் பாதிச் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், சாயங்காலத்துக்கு இன்னொரு பாதிச் சூரியன், கொஞ்சம் சிவப்பு கூட்டி, இரவுக்குப் பிறை நிலா. எல்லாவற்றையும் ஸ்டிக்கராக அச்சடித்து, கவர்களில் மருந்துக்குப் பதிலாகப் புதினா மிட்டாய் போட்டு, நம் கட்டடத்தில் இருக்கிறவர்களுக்குக் கொடுத்து, ஒரு வாரம் படத்தைப் பார்த்து அந்தந்த வேளைக்குச் சாப்பிடுங்கள் என்றாள். அப்பா முதல் நாளே எல்லா மிட்டாயையும் தின்றுவிட்டு எனக்கு ரொம்ப நல்லாப் புரிஞ்சுது என்றார்.

மாடி வீட்டுக்குக் குடிவந்திருக்கும் ரொட்டிக்காரரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், பேக்கரியில் அடுப்பு பார்க்கிறவர், தனிக்கட்டை, உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். என்னை அக்கா என்பார், சின்னவளுக்கு அவர் மாமா. நம்மைப் போலவே பேசுவார், பாடுவார், ஊர்க்கதையெல்லாம் சொல்வார், எழுத்து மட்டும் பழகவில்லை. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. மருந்து வாங்குவது பேக்கரிக்குப் பக்கத்துக் கடையில், அதனால் அவர் என்ன போடுகிறார் என்று எனக்கும் தெரியாது. சின்னவளின் படங்கள் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டன. மிட்டாயோடு நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் ஸ்டிக்கர் கேட்டு வாங்கிப்போய், மருந்துக் கடைக்காரரையே எது எந்த வேளை என்று கேட்டு, தன் நிஜ மாத்திரைப் பெட்டிகளில் ஒட்டிக்கொண்டுவிட்டார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்து நடந்ததை நீயே யூகித்திருப்பாய். சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டிய மாத்திரையில் பாதிச் சூரியன் இருந்தது. சூரியன் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அந்தச் சின்ன ஸ்டிக்கரில் யாருக்குத் தெரியும். மனுஷர் பொழுது விடியும்போது வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறவர், ஜன்னலில் அதே மாதிரி பாதிச் சூரியன், மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒன்றும் சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் வேலைக்குக் கிளம்பும்போது மாடிப்படியில் சட்டையெல்லாம் நனைந்து, கை நடுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து யாரு என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. சர்க்கரையைக் கரைத்துப் புகட்டி, அப்பா ஆட்டோ பிடித்து வர, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மதியத்துக்குள் தெளிந்து எழுந்து உட்கார்ந்து, எனக்குப் பசிக்குது அக்கா என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பெட்டியில் இருந்த ஸ்டிக்கரைச் சின்னவள்தான் முதலில் பார்த்தாள். அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மாடிக்குப் போய் எல்லா ஸ்டிக்கரையும் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்துக்கொண்டு வந்து, தன் அறைச் சுவரில் ஒட்டியிருந்த படங்களையும் கிழித்துப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு நாள் கல்லூரிக்குப் போகவில்லை. மேடம் கேட்டதற்குத் தலைப்பை மாற்றிக்கொள்கிறேன், பிஸ்கட் பாக்கெட்டுக்கு உறை வரைவதை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதி அனுப்பியிருக்கிறாள். நீ அந்த நேரம் பார்த்து எப்படிப் போகுது ஆராய்ச்சி என்று செய்தி அனுப்பினாய். அதைப் பார்த்ததும் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள், அன்றிலிருந்துதான் உன்னோடு பேசுவதில்லை. அண்ணன் என்னைப் பெரிய ஆளுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்மா, நான் ஒரு ஆளைக் கொல்லப் பார்த்திருக்கேன் என்றாள். நான் எவ்வளவோ சொன்னேன், காதில் ஏறவில்லை. அப்பா எப்போது குத்திக்காட்டுவாரோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். அவரானால் வேளா வேளைக்கு டீ போட்டு அவள் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு, வெச்சிருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் போட்ட டீ என்பதால் குடிக்க முடியாமல் இருந்திருக்கும், ஆனாலும் டம்ளர் காலியாகத்தான் திரும்பி வந்தது.

ஐந்தாம் நாள் ரொட்டிக்காரர் இறங்கி வந்தார். கையில் மாத்திரைப் பெட்டிகள் அத்தனையும். பாப்பா எங்கே என்றார். அவள் வெளியே வரவில்லை. அவர் கதவுக்கு வெளியே நின்றபடியே, எல்லாத்தையும் பிச்சுட்டுப் போயிட்டியே, இப்ப எது எதுன்னு எனக்கு எப்படித் தெரியும், தப்போ சரியோ ஒண்ணு இருந்துச்சு, இப்ப அதுவும் இல்ல என்றார். கோபமாகத்தான் சொன்னார். நான் எழுந்து, கொடுங்க தம்பி நான் சொல்றேன் என்றால், நீங்க சொல்வீங்க அக்கா, மேல போறதுக்குள்ள மறந்துடும் என்கிறார். கதவு திறந்தது. தலை கலைந்து, கண் வீங்கி, ஒரு மாதிரி நின்றாள். மாமா, உங்களுக்குச் சாயங்காலம்னா என்ன என்று கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை, சாயங்காலம்னா நான் எந்திரிக்கிற நேரம் என்றார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள் இரண்டு பேரும். அவருக்குப் பொழுது சாயும்போது நாள் தொடங்குகிறது, எழுந்து சாப்பிட்டு, ஷூ மாட்டி, அடுப்புக்குப் போகிறார். உங்க சாயங்காலத்தை வரைஞ்சு காட்டுங்க என்று பேனாவைக் கொடுத்தாள். எனக்கு வரையத் தெரியாது என்று கொஞ்ச நேரம் வெட்கப்பட்டுவிட்டு, ஒரு ஜோடி ஷூ வரைந்தார், கயிறுகூட விடாமல். அந்த ஷூவைச் சின்னவள் வெட்டி அந்த மாத்திரைப் பெட்டியில் ஒட்டினாள். மருந்துப் பெட்டியில் போய் யாராவது செருப்பை ஒட்டுவாங்களா என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் ஒரு நாள்கூட அந்த மனுஷர் மாத்திரை தப்பாகப் போட்டதில்லை.

பிஸ்கட் பாக்கெட் போன இடம் தெரியவில்லை. பார்த்தவர்களையெல்லாம் பிடித்து உங்கள் சாயங்காலத்தை வரையுங்கள் என்று பேப்பரை நீட்ட ஆரம்பித்தாள். கீழ்க்கடைத் தையற்காரர் உறை போட்டு மூடிய மெஷினை வரைந்தார். வாட்ச்மேன் ஒரு பல்ப் வரைந்தார், அதைப் போடுவதுதான் அவருக்கு முதல் வேலையாம். எங்கள் நர்ஸ் ஒருத்தி சாவிக்கொத்து வரைந்தாள். அப்பா ஆணியில் தொங்கும் சட்டையை வரைந்துவிட்டு அதில் பாக்கெட் சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப அழித்தார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி பேப்பரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்கு அப்படித் தனியா ஒரு வேளையே இல்லம்மா என்று வெறும் பேப்பரையே திருப்பிக் கொடுத்தாளாம். அதையும் சின்னவள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். சூரியனை வரைந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

போன வியாழக்கிழமை கல்லூரியில் கண்காட்சி. அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் ஆளாகக் கிளம்பினார். என்னென்ன தலைப்பெல்லாம் எடுத்திருக்கிறார்கள் தெரியுமா இந்தப் பிள்ளைகள். காது கேட்காத தம்பி இருக்கிற ஒரு பெண், சினிமாவில் படத்துக்குக் கீழே ஓடும் எழுத்தில் கோபமும் கிண்டலும் எப்படித் தெரிய வைப்பது என்று பார்த்திருக்கிறாள். இன்னொருத்தி மூடிப்போன கடைகளின் பெயர்ப் பலகைகளைப் படம் பிடித்து, அதில் எந்த எழுத்து முதலில் உதிர்கிறது என்று ஆராய்ந்திருக்கிறாள். ஒரு பையன் லிஃப்டிலும் ரோட்டிலும் மாட்டுகிறார்களே, தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று, அதையே விதவிதமான எழுத்தில் அடித்து, இதில் எவன் நிஜமாக வருந்துகிறான் என்று போகிற வருகிறவர்களைக் கேட்டிருக்கிறான். கையெழுத்து மாதிரி இருந்ததைத்தான் நிறையப் பேர் நம்பினார்களாம். அப்பா அவனிடம் வெகுநேரம் நின்று பேசிக்கொண்டிருந்தார், தன் ஆபீஸ் நோட்டீஸ் போர்டைப் பற்றியெல்லாம் சொன்னார். இதுக்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கத்தான் வேணும் என்று திரும்பி என்னிடம் சொன்னார். இதை அவர் சொன்னதாக நீ காட்டிக்கொள்ளாதே.

சின்னவள் தன் சுவர் முழுக்க அந்தச் சாயங்காலங்களை ஒட்டியிருந்தாள். நட்டநடுவில் அந்தப் பழைய பாதிச் சூரியன், பெரிதாக. அதன் கீழே, இது தவறு, இதை வரைந்தது நான், இதை நம்பிய ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று எழுதியிருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள் அதன் முன்னால் நின்று, சரியா வராததை ஓரத்துல வெச்சிருக்கலாமே, ஏன் நடுவுல வெச்சிருக்கீங்க என்று கேட்டார். சின்னவள் அந்தச் சூரியனைக் கைகாட்டினாள். இது அழகா இருந்ததாலதான் அவர் நம்பினார் மேடம், எனக்கும் அழகா இருந்ததாலதான் சந்தேகமே வரல, அதை ஓரத்துல வெச்சா மத்ததெல்லாம் ஏன் வந்ததுன்னே தெரியாது என்றாள். ரொட்டிக்காரர் தூக்கத்தை விட்டுவிட்டு, சட்டைக் கை மடிப்பில் மாவோடு அங்கே நின்றிருந்தார். தேர்வாளர் அம்மாள் அவரிடம், உங்களுக்கு இந்தப் பொண்ணு மேல கோபம் வரலையா என்று கேட்டார். வந்துச்சு, ஸ்டிக்கரை எல்லாம் பிச்சுக்கிட்டுப் போனப்ப வந்துச்சு என்றார் அவர். அந்த அம்மாள் சிரித்துவிட்டார், பிறகு நெடுநேரம் ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

தேறிவிட்டாள். வகுப்பில் முதல் என்று சொல்ல மாட்டேன், அந்த வருந்துகிறோம் பையன்தான் முதல். ஆனால் எங்கள் மருந்தகத் தலைமை மருந்தாளுநர் வந்து பார்த்துவிட்டு, கவுன்டரில் ஒவ்வொருவரிடமும் உங்க வேளை எதுன்னு கேட்டுக்கிட்டிருந்தா வரிசை தெருவுக்குப் போயிடும் என்று முணுமுணுத்தாலும், ஒரு கவுன்டரில் மட்டும் கொஞ்ச நாள் செய்து பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டார். அந்தக் கவுன்டர் என்னுடையது. இனி நான் கேட்பேன், அவர்கள் தங்களுக்கு வேண்டிய படத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், ஒட்டிக் கொடுத்துவிட்டு, இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள் எது எப்போது என்று திருப்பிக் கேட்பேன். வேலை கூடத்தான், இருக்கட்டும். சின்னவளுக்கு இன்னும் உத்தியோகம் ஒன்றும் அமையவில்லை, இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறாள். நீ அதைப் பற்றி உடனே ஆரம்பித்துவிடாதே. அவள் கூப்பிடுவாள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவளை முதலில் பேசவிடு, நீ கேட்டுக்கொள்.

நேற்று அவள் என்னிடம், அண்ணனுக்கு அங்க சாயங்காலம் எப்படிம்மா இருக்கும், அந்த நேரத்துல என்ன பண்ணுவான் என்று கேட்டாள். ஆபீஸ் விட்டு வருவான் என்றேன். வந்து அப்புறம் என்றாள். நீ போய் இத்தனை நாளாயிற்று, உனக்கு என்ன சம்பளம், என்ன குளிர், எந்த ரயில் என்பதெல்லாம் தெரிகிறது, பொழுது சாய்ந்த பிறகு நீ என்ன செய்கிறாய், எந்த ஜன்னல் பக்கம் உட்காருகிறாய், யாரோடு பேசுகிறாய் என்று எனக்குத் தெரியாது என்பது நேற்றுத்தான் எனக்கே தெரிந்தது.

எந்தக் குறையும் இல்லாமல், நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இரு கண்ணே, போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்களே அமையட்டும். பல் டாக்டரைத் தள்ளிப்போடாதே. ஒரு வெள்ளைத்தாள் எடுத்து உன் சாயங்காலத்தை வரைந்து அனுப்பு, நன்றாக வர வேண்டும் என்று இல்லை. எதை வரைவது என்று தெரியாவிட்டால் தாளை அப்படியே அனுப்பு, அதையும் புரிந்துகொள்வோம்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா