கம்பத்தில் பறந்த லுங்கி

விமான நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எழுதுகிறேன், மாமு. சற்று முன் என் கைப்பையைச் சோதித்தவர் உள்ளேயிருந்து அந்தப் பச்சைக் கட்டம் போட்ட லுங்கியை இரண்டு விரலால் தூக்கினார். எத்தனை தடவை துவைத்தும் அதில் டீசல் வாடை போகவில்லை. அவர் முகம் சுளித்தார். எனக்கோ அந்த வாடையில் நீதான் வந்து நின்றாய்.

இதே விமான நிலையத்தில்தான் அன்று, அடுத்த கப்பல் வேலைக்குக் கிளம்பிய என்னைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். வளைகுடாவில் நான் என்ஜின் வேலை பார்த்த இழுவைக் கப்பலைத் திருடிவிட்டேன் என்று முதலாளி புகார் கொடுத்து, சர்வதேச போலீஸின் சிவப்பு நோட்டீஸில் என் பெயரும் படமும் ஏறியிருந்தன. எந்த நாட்டில் இறங்கினாலும் பிடிப்பார்களாம். எனக்குக் கடல் வேலையை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. வீட்டுக்குக்கூடப் போகாமல், பெட்டியோடு கல்மண்டபத்தில் உன் ஆபீஸ் படியேறினேன்.

பஸ் மோதி அடிபட்டவர்களுக்கு நஷ்ட ஈடு வாங்கித் தருகிற வக்கீல் நீ. "இன்னாடா மாமு, கப்பல் திருடனாயிட்டியாமே? சொல்லியிருந்தா பங்குக்கு வந்திருப்பேன்ல?" என்றாய். அழ வந்தவன் சிரித்துவிட்டேன். பிறகு நாலு நாள் எதையெதையோ படித்துவிட்டு, "இந்த நோட்டீஸ எதிர்த்து மனு போட தனியா ஒரு குழு கீது. நேர்ல போவ வேணாம், எல்லாம் எழுத்துலதான்" என்றாய். இதையெல்லாம் டெல்லி வக்கீல்களிடம் கொடுக்க வேண்டும் என்று ஊரே சொன்னது. "டெல்லில கடல் கீதா?" என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்தாய்.

நடந்ததை ஒன்று விடாமல் சொல்லச் சொன்னாய். சாப்பாடும் டீசலும் அனுப்பாமல் முதலாளி எங்களைக் கடலில் கைவிட்டது, ரேடியோ செத்தது, பலத்த காற்றில் நங்கூரச் சங்கிலி அறுந்தது, மிச்சமிருந்த டீசலில் கிட்டே இருந்த துறைமுகத்துக்கு ஓட்டியது, அது பக்கத்து நாடாகப் போனது எல்லாம் சொன்னேன். கரைக் காவல் படகு வந்தபோது அரை டவுசரோடு நின்ற அவமானத்தையும் சொன்னேன். நீ நிமிர்ந்தாய்.

"லுங்கி எங்கடா?"

"கம்பத்துல கட்டிட்டேன்."

"எதுக்கு?"

"இன்னாடா கேள்வி இது? காசிமேட்டு போட்ல என்ஜின் நின்னா இன்னா பண்ணுவோம்? லுங்கிய அவுத்து ஒசர கட்டுவோம். பாக்குறவன் ஒதவிக்கு வருவான்."

மேசையை ஓங்கித் தட்டினாய். "கப்பல திருடிகினு போறவன் எவனாவது எல்லாரையும் கூப்ட்டு லுங்கி காட்டுவானா? இதாண்டா நமக்கு மெயின் சாட்சி! பத்திரமா வெச்சிக்கோ. தொலைச்சே, கொன்னுடுவேன்."

கரைக்காவல்காரர்கள் அன்று படம் எடுத்திருந்தார்கள். அதைக் கேட்டு அந்தத் துறைமுகத்துக்குச் சலிக்காமல் எழுதினாய். பதில் வராதபோதெல்லாம் அவர்களைத் திட்டிவிட்டு எனக்கு டீ சொல்வாய். ஒருவழியாகப் படம் வந்தது. மேலே லுங்கி, கீழே என் தொடை. மனுவின் முதல் இணைப்பாக அதைத்தான் வைத்தாய். தொடையை மறைத்துவிடலாமே என்றேன். "அதுவும் சாட்சிதான், சும்மா இர்ரா" என்றாய்.

முடிவுக்குக் காத்திருந்தபோது நெஞ்சு வலி வந்து நீ போய்விட்டாய். மூலக்கொத்தளம் மயானத்தில் உன்னை மண்ணில் வைத்தபோது எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. வழக்கைப் பாதியில் விட்டுவிட்டு எந்த வக்கீலாவது போவானா?

ஆபத்தில் ஒதுங்கியது திருட்டாகாது, நோட்டீஸை நீக்குகிறோம் என்று பதில் வந்த அன்று, அதை முதலில் உன் மனைவியிடம்தான் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். "தைரியமா கப்பலேறுண்ணா. அவுரு ஜெயிச்ச கேசு இது" என்றாள்.

இன்று பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதிகாரி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்தினார். அவ்வளவுதான். உன்னைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அடுத்ததுதான் அந்தக் கைப்பைச் சோதனை. "இந்தப் பழைய லுங்கிய ஏன்யா சொமந்துகினு போற?" என்று கேட்டார் அவர்.

"சாட்சி, சார்" என்றேன். "பத்திரமா வெச்சிக்கச் சொல்லி என் வக்கீல் சொல்லிகீறாரு."