எல்லாம் வெள்ளிக்கிழமை

ஜூலை 14, திங்கள்
தெருக் கிணற்றில் கருவி வைத்து ஓராண்டு ஆகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரின் உப்பை அளந்து எழுதியிருக்கிறது. ஐந்து லட்சத்துக்கும் மேல் வரிகள்! திறந்தாலே பள்ளிக் கணினி நின்றுவிடுகிறது. "எல்லாம் எதுக்கும்மா? ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்றார் ஹேமலதா மிஸ்.

ஜூலை 16
வாரத்துக்கு ஒரு வரி எடுத்தேன். ஐம்பத்திரண்டு வரிகள். உப்பு குறைவுதான். குடிக்கலாம்!

ஜூலை 28
மிஸ் என் அறிக்கையை நகராட்சிக்கு அனுப்பியிருந்தார். கிணறு நன்றாக இருக்கிறதென்று தண்ணீர் லாரியை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டுக் கமலம் அக்காவுக்கு ஆறு மாதம். "குடத்தத் தூக்கினு ரோட்டுக்கு ஓட வேணாம். படிச்ச பொண்ணு சொல்லிட்ச்சி" என்று சிரித்தார்.

ஆகஸ்ட் 25
கமலம் அக்காவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னாராம். குழம்பில் குறைத்துவிட்டார்.

செப்டம்பர் 11, வியாழன்
என் வகுப்புத் தோழி பில்கிஸிடம் என் தாளைக் காட்டினேன். தேதிகளைப் பார்த்தாள். "இன்னாடி, எல்லாம் ஜும்மாவா இருக்கு? அன்னிக்கு தோல் கம்பெனி லீவுடி. கெணத்தாண்ட அவுங்க கழிவுத் தண்ணி வர்ற கால்வாயே காஞ்சி கெடக்கும்."

கருவி வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றுதான் தெருவில் ஆள் கிடைத்தார்கள். அங்கிருந்து ஏழேழு நாளாக எண்ணிக்கொண்டே போயிருக்கிறேன்.

தோல் கம்பெனிக்குப் போற என் அப்பாவுக்கே வெள்ளிதானே லீவு. எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?

செப்டம்பர் 12
சீட்டுக் குலுக்குவதுபோல, கிழமை நேரம் பார்க்காமல் ஐந்நூறு வரிகள் எடுத்தேன். உப்பு நாலு மடங்கு. நான் பார்த்த சோறெல்லாம் பானையில் ஒரே இடத்துச் சோறு.

கமலம் அக்காவிடம் ஓடினேன். வீடு பூட்டியிருந்தது. காலையில் வலிப்பு வந்து வேலூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

செப்டம்பர் 13
குழந்தை இல்லை.

செப்டம்பர் 19
தண்ணீராலா என்று மிஸ்ஸைக் கேட்டேன். "ஒருத்தரை வச்சு சொல்ல முடியாதும்மா" என்றார். சரிதான். ஆனா குடிக்காதீங்கன்னு சொல்ல நான் ஓடினது ஒரு நாள் லேட்டு.

புது அறிக்கையை மிஸ்ஸுடன் போய் நானே கொடுத்தேன். முதல் அறிக்கை தப்பு, என் தப்பு என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 10, வெள்ளி
லாரி வந்தது. கமலம் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். குடம் நிரம்பியது. "இது நல்ல தண்ணியா? நீ சொல்லு" என்றார்.

ஒரு டம்ளர் மொண்டு, நான் முதலில் குடித்தேன்.