கிளையில் சிக்கிய சருகு

"இன்னா வாத்யாரே, இவ்ளோ ஒசரத்துல எந்தக் காக்கா கூடு கட்டிக்கீது?"

அந்த மலை ஓடைக்கரையில் அண்ணாந்து பார்த்தபடி நீ கேட்டாய். இன்று காலை திருவொற்றியூரில் எங்கள் தெரு விளக்குக் கம்பத்தில் ஒரு காகம் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தது. பால் வாங்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

எண்ணூரில் பம்பு பழுது பார்த்துக்கொண்டிருந்த உனக்கு அந்த யோசனை எப்படித்தான் வந்ததோ. பம்பு தண்ணீரை மேலே தள்ளுகிறது. மேலிருந்து தண்ணீரை அதற்குள் இறக்கினால் பின்பக்கமாகச் சுழலும், அந்தச் சுழற்சியில் விளக்கு எரியும். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் பழைய பம்பு ஒன்றைத் தேடிப் பிடித்தாய். கணக்குப் போடுவதற்கு இயற்பியல் வாத்தியாரான என்னையும் மின்சாரம் எட்டாத ஒரு மலையூருக்கு இழுத்துப் போனாய்.

கணக்கு எளிதுதான். மொட்டை மாடியிலிருந்து ஊற்றும் ஒரு செம்புத் தண்ணீரும், வாசற்படியிலிருந்து ஊற்றும் ஒரு குடமும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும். ஓடையில் நீர் குறைவு. ஆகவே உயரம் வேண்டும். கோடையில் போய் வாளி வைத்து அளந்தோம், அதில் தவறில்லை. பம்புக் கொட்டகைக்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. மேட்டில் வைத்தால் தண்ணீர் விழும் உயரம் குறையும், கடைசி நாலு வீட்டில் விளக்கு மங்கும். கீழே, ஓடையை ஒட்டிய பாறையில் வைத்தால் எல்லா வீட்டுக்கும் எட்டும். நீ பாறையைக் காட்டினாய்.

கூட வந்த செல்லி, அந்த ஊர்க்காரி, "அங்க நாங்க மாடு கட்டறதில்லைங்க" என்றாள்.

"மாட்ட யாரும்மா கட்டப் போறா? பம்பத்தான் கட்டப் போறோம்" என்றாய். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் பாறைக்கு மேலே நீண்ட மரக்கிளையைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டாய். எனக்கும் அது கூடாகத்தான் தெரிந்தது.

நம் ஊரில் வெள்ளம் சுவரில் கறை வைத்துவிட்டுப் போகும். பாறையிலும் நாம் கறையைத்தான் தேடினோம்; இல்லை. நம் ஊர் வெள்ளம் படிப்படியாக ஏறும். அரிசி டின்னைப் பரணில் ஏற்றி, பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து, கவுன்சிலரையும் திட்டிவிட்டுப் புறப்பட நேரம் கொடுக்கும்.

ஐப்பசியில் ஒரு மதியம், பம்புக்கு கிரீஸ் வைக்கக் கொட்டகைக்குப் போன நீ எனக்குப் போன் செய்தாய். நல்ல வெயில் என்றாய். தண்ணீர் மட்டும் கலங்கலாக வருகிறது, சருகு நிறைய வருகிறது என்றாய். உடனே மேட்டுக்கு ஏறு என்றேன்.

"முட்டி வரைக்கும் வர்ட்டும் வாத்யாரே, ஏறிக்கிறேன். நாம பாக்காத தண்ணியா?"

பிறகு ஓர் இரைச்சல், லாரி லாரியாக ஜல்லி கொட்டுவதுபோல. பிறகு அதுவும் இல்லை.

மலையுச்சியில் பெய்த மழை அது. முட்டி வரை வந்து நிற்கவில்லை. நேராகக் கிளை உயரத்துக்கு வந்தது. நாம் கூடு என்று பார்த்தது, பழைய வெள்ளம் ஒன்று அங்கே மாட்டிவிட்டுப் போன சருகு.

நேற்று செல்லி பேசினாள். கொட்டகையின் அடித்தளம் அசையாமல் நிற்கிறதாம். அதன் மேலேயே மறுபடி கட்டிவிடலாம் என்று ஊரில் பேச்சாம். இனி பம்பைப் பார்த்துக்கொள்ளப் போவது அவள் தம்பி. கிளையில் இப்போது புதுச் சருகு தொங்குகிறது என்றாள்.

நான் மலைக்குக் கிளம்புகிறேன். கொட்டகை மேட்டிலேயே இருக்கட்டும், நாலு வீட்டில் விளக்கு மங்கினால் மங்கட்டும். நீ கேட்ட கேள்வியைத்தான் எடுத்துப் போகிறேன். அந்த மரத்தடியில் ஊரையே நிற்க வைத்துக் கேட்கப் போகிறேன்.

இதைப் படிப்பவர்களும் ஒன்று செய்து பாருங்கள். அடுத்த முறை ஓர் ஓடைக்கரையில் நிற்கும்போது, தண்ணீரைப் பார்க்கும் முன் அண்ணாந்து பாருங்கள். கிளையில் காய்ந்த புல்லும் சருகும் சிக்கியிருந்தால், அதைவிட உயரமான இடத்துக்கு ஏறி நின்றுகொண்டு, பிறகு ஓடையைப் பாருங்கள்.