எலுமிச்சையில் ஊறிய மாணிக்கம்

அன்பு மகளே,

போன வாரம் நீயும் மாப்பிள்ளையும் வந்திருந்தபோது, அவர் உனக்கு வாங்கித் தந்த மோதிரத்தைப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட்ட அதிமேதாவி நான்தான். சிவப்புக் கல் முழுக்க வெள்ளைக் கோடு விழுந்துவிட்டது. "அசல் மாணிக்கத்தக் கெடுத்துட்டீங்களே!" என்று மாப்பிள்ளை கத்த, திருட்டுப் பூனைபோல் நின்றேன். நீ அவரிடம் இன்னமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாயாம். இனிக் கேட்காதே.

சரிசெய்து தருவதாக வாங்கி வைத்த மோதிரத்தைக் கல் பதிப்பவரிடம் காட்டினேன். "அசல் மாணிக்கத்த எலுமிச்சை ஒண்ணும் பண்ணாது சார். இது வெடிச்ச கல்லு. வெடிப்புல கண்ணாடிய உருக்கி ஊத்தியிருக்காங்க. புளிப்பு பட்டா கண்ணாடி அரிச்சுடும்" என்றார்.

பாவம், மாப்பிள்ளை ஏமாந்துவிட்டாரே என்று பதறிப்போய் போன் செய்தேன். சிரித்தார். "தெரியும் மாமா. தெரிஞ்சுதான் வாங்கினேன். உங்க பொண்ணு கைக்கு இது போதாதா?"

எனக்குக் கல் பார்க்கத் தெரியாதது போகட்டும், இந்த ஆளைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவனும் நானேதான்.

போனில் "சரிங்க மாப்பிள்ளை" என்றுதான் சொன்னேன். "வர்ற ஞாயித்துக்கிழமை காலைல என் பொண்ணக் கூட்டிட்டுப் போக வரேன்" என்று அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன், பெட்டியைக் கட்டி வை.

உன் அப்பா