டிசம்பரில் கட்டிய கிளைகள்

இன்று மெல்பேணின் டண்டினொங் சந்தையில் ஒருவன் செஸ்நட் கொட்டை வறுத்துக்கொண்டிருந்தான். அந்த வாசம் மூக்கில் பட்டதும் முதலில் வந்தது உங்கள் குரல்தான். உயிரோடு இருந்தவரை இதைச் சொல்ல நீங்கள் இடம் தரவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், நமக்குத் திருமணமான நான்காம் ஆண்டு, மலைச்சரிவில் நிலம் வாங்கி நாற்பது செஸ்நட் கன்றுகள் நட்டீர்கள். எல்லாம் ஒரே வகை. "ரெண்டு வகை நட்டால்தான் பருப்பு பிடிக்குமாம், புத்தகத்தில கிடக்கு" என்றேன்.

"உமக்கென்ன தெரியும்? பேசாமல் இரும்" என்றீர்கள்.

ஐந்தாம் ஆண்டு மரம் கொள்ளாத முள்ளுக்காய்கள். கையுறை போட்டு உடைத்தோம். எல்லாம் வெறும் தோல். வாளியை எட்டி உதைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"இந்த மரங்களும் உம்மை மாதிரித்தான்."

திருமணமாகி ஒன்பது ஆண்டுகள், பிள்ளை இல்லை. டொக்டரிடம் இருவருமாகப் போவோம் என்று எத்தனை முறை கெஞ்சியிருப்பேன். கடைசியில் நான் மட்டும் போனேன். என்னில் குறையில்லை என்றார். அதை உங்களிடம் சொன்னபோது பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் போகவேயில்லை.

மலைக்கு மறுபக்கம் இருந்த இத்தாலியப் பெண்ணின் தோட்டத்தில் வேறு வகை செஸ்நட் நின்றது. அந்த டிசம்பரில் அவள் பூத்த கிளைகளை வெட்டித் தந்தாள். நீங்கள் தொழிற்சாலைக்குப் போன பிறகு ஏணி வைத்து ஏறி, தண்ணீர்ப் போத்தல்களில் அவற்றைச் செருகி நம் மரங்களில் கட்டினேன். மகரந்தத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும் என்றாள் அவள்.

மாலையில் போத்தல்களைப் பார்த்தீர்கள். "குருவியள் வராமல் கலைக்கவோ?"

"ஓம்" என்றேன்.

அடுத்த இலையுதிர்காலத்தில் காய் நிறையப் பருப்பு. வந்தவர்களிடம், "பொறுமை வேணும். நான் அப்பவே சொன்னனான்" என்று சிரித்தீர்கள். குசினி அடுப்பருகே கொட்டைகளைக் கீறிக்கொண்டிருந்த எனக்கும் அது கேட்டது. 'உம்மை மாதிரித்தான்' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருப்பி எடுங்கள், எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு டிசம்பரும் கிளை கட்டினேன். ஒவ்வொரு ஆண்டும் காத்திருந்தேன்.

உங்கள் செத்தவீட்டில் வயதான அன்ரி ஒருவர் என் கையைப் பிடித்து, "அழு பிள்ளை, அழுதால் ஆறும்" என்றார். அழுகை வரவில்லை. கோபம் மட்டும்தான் இருந்தது. இன்றும் இருக்கிறது. நம் வாழ்க்கையில் முழுக்க முழுக்க என்னுடையது அது ஒன்றுதான். அதை ஆற விட எனக்கு மனமில்லை.